ஜெராக்ஸ் சாமி ஏற்றுக்கொண்ட பழி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். சித்தூரில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், காசநோய்க்கு மாத்திரை வாங்கிப்போனவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். வாராவாரம் அது என் வேலை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஜெராக்ஸ் சாமியின் மனைவி சரோஜாம்மாவின் நம்பர் வந்தது. "சிஸ்டர், சாமி போய்ட்டாரு. காபி குடிச்சிக்கினு இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு. யாருக்குச் சொல்றதுன்னே தெரியல. மொதல்ல உங்களுக்குத்தான் பண்றேன்" என்றார். பின்னால் யாரும் அழுகிற சத்தம்கூட இல்லை. "இதோ வரேம்மா" என்று வைத்துவிட்டு, பட்டியலில் அடுத்திருந்த குப்பத்துக்காரருக்குப் போன் போட்டேன். கை தன் பாட்டுக்குப் போட்டுவிட்டது. அந்த மனிதர் ஹலோ ஹலோ என்று கத்துகிறார், நான் போனை வைத்துவிட்டு எழுந்தேன்.

தாமோதரம் என்ற அவர் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் சாமி. வாராஹி உபாசகர். செவ்வாயும் வெள்ளியும் கடையின் பின்னறையில் வியாதிக்காரர்களைப் பார்ப்பார். திருப்பதியிலிருந்து காரில் வருவார்கள், ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு வருவார்கள். சந்தில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இறுதிச் சடங்குக்கு நீவா ஆற்றங்கரைக்கு வந்தவர்கள் பதினோரு பேர், என்னையும் சேர்த்து. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வெதுருகுப்பத்துக் கீதாவைக் கொன்றது அவர்தான் என்று நீங்கள் ஆறு வருஷமாக நம்புகிறீர்கள். அந்தச் சாவில் பாதி என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாராவது அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தும் பார்த்தேன், ஒருவரும் எழுதவில்லை.

எங்கள் முதல் சந்திப்பே சண்டைதான். ஒரு பெரியவரின் நெஞ்சு எக்ஸ்ரேயில், சரியாக நடுவில், சதுரமாக ஒரு வெள்ளை. டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பெரியவரின் பனியனுக்குள் கை விட்டு நான் வெளியே இழுத்தது ஒரு செப்புத் தகடு. கோடும் கட்டமும் எழுத்துமாக எந்திரம். "ஜெராக்ஸ் சாமி குடுத்தாரு, கழட்டினா உயிருக்கு ஆபத்துன்னாரு" என்றார் பெரியவர். எனக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும். யூனிபார்மோடே சந்துக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பிடிபிடியென்று பிடித்தேன். அவர் ஆதார் அட்டை ஒன்றை லேமினேட் செய்துகொண்டிருந்தவர், மிஷினிலிருந்து கையை எடுக்காமல் முழுசாகக் கேட்டார். "தகடு எக்ஸ்ரேல தெரியுதா சிஸ்டர்? இது நம்ப மூளைக்கு எட்டவே இல்ல பாருங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து காகிதத்தில் எந்திரம் எழுதி லேமினேட் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டார். "அம்மாவுக்குத் தகடும் ஒண்ணுதான், பிளாஸ்டிக்கும் ஒண்ணுதான். நனையாம இருந்தா போதும்" என்று எனக்குச் சொல்லியனுப்பினார். சிரிக்கக்கூடாது என்றிருந்தும் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கோர்ட் பக்கம் போனால் கடையில் எட்டிப் பார்ப்பது வழக்கமானது. நான் பழைய மிஷன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே கோயிலில் இருப்பவள். அவர் நெற்றி நிறையக் குங்குமம். பேச்சு எப்போதும் வாதத்தில்தான் முடியும். "வியாதி மூணு வாசல் வழியா வரும் சிஸ்டர். ஒண்ணு வாய். ரெண்டு கிரகம். மூணு அடுத்தவன் வயித்தெரிச்சல்" என்பார். சர்ப்பத்துக்குத் தீங்கு செய்த குடும்பத்தில் தோல் வியாதி, பித்ருக்களைப் பட்டினி போட்ட வீட்டில் பிள்ளையில்லாக் குறை, தெய்வத்துக்கு நேர்ந்ததை மறந்தவனுக்குத் தூக்கமில்லாத பயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம். நாற்பத்தெட்டு நாள் நாமம் சொல்லணும், செவ்வாயில் எலுமிச்சை மூடியில் விளக்குப் போடணும், மந்திரித்த விபூதியை வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளணும். "கிருமிக்கு எந்தக் கிரகம் சாமி?" என்று நான் குத்துவேன். "கிருமி ஊர் பூரா இருக்குதே, இவனை மட்டும் ஏன் புடிச்சிது? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்று அவர் திருப்பிப் போடுவார். எங்கள் சபையில் வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு, மனசில் ஏதாவது பாவம் மறைத்து வைத்திருக்கிறாயா என்று கேட்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பிடித்துக்கொண்டுவிடுவார்.

ஒரு வருஷம் எனக்குத் தலைவலி பாடாய்ப் படுத்தியது. கேட்காமலே சொன்னார்: "கூடப்பொறந்தவங்க யார்கிட்டயாவது பேசாம இருக்கீங்களா?" என் தங்கையோடு நான் நாலு வருஷமாகப் பேசவில்லை. யார் சொன்னார்களோ என்று எரிந்துபோய் எழுந்து வந்துவிட்டேன். தலைவலி கண்ணாடி மாற்றியதில் போய்விட்டது. தங்கையிடம் பேசியது அதற்கும் ஆறு மாதம் கழித்து. அவர் ஒருநாளும் அதைக் குத்திக் காட்டவில்லை. அவர் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை வந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் வியாதிக்காரனைப் பார்த்து உனக்கு யாரோடு மனக்கசப்பு என்று கேட்க எங்கள் ஆஸ்பத்திரி பாரத்தில் கட்டம் கிடையாது.

கீதா கங்காதர நெல்லூரில் பிறந்த தமிழ்ப் பெண். வெதுருகுப்பத்தில் நாகராஜு என்ற டிராக்டர் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. காசநோய் என்று தெரிந்து ஆறு மாத மாத்திரை ஆரம்பித்தோம். முதல் மாதமே இருமல் குறைந்தது. ஆனால் மாத்திரை போட்டால் குமட்டும், சோறு இறங்காது. மாமியார் பார்த்துவிட்டு இது மாத்திரையால் அல்ல, யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆகாதவர்கள் சாப்பாட்டில் எதையோ மந்திரித்துக் கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பது நம்பிக்கை. அதைத் தெரிந்தவரிடம் போய்ப் பச்சிலைச் சாறு குடித்து வாந்தியாக வெளியே கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் மருந்து எடுப்பது. சாமி அதில் பேர்போனவர். சாறு கொடுக்கும் முன் எல்லோரிடமும் கேட்பதுபோல இவர்களிடமும், "ஆஸ்பத்திரி மாத்திரை எதுனா துன்றியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். பெயர் கெட்டுவிடும் என்று மாமியார் முந்திக்கொண்டு இல்லை என்றுவிட்டார். கீதா தலையைக் குனிந்துகொண்டாள். சாறு கொடுத்தார், வாந்தி எடுத்தாள், பூஜை முடித்துத் திருநீறு பூசி, "மருந்து எடுத்தாச்சி. ஒரு மண்டலத்துக்கு வேற மருந்து உள்ள போகாம பாத்துக்கோ" என்று அனுப்பினார். வேறு வீட்டில் கை நனைக்காதே என்பது அவர் சொன்னதன் பொருள். வீட்டுக்குப் போன கீதா, மாத்திரையும் மருந்துதானே என்று எங்கள் மாத்திரை டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

இனி என் பங்கு. அந்த வாரம் நான் போன் செய்தேன். தெலுங்குக்காரர்கள் மத்தியில் வாக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணாயிற்றே என்று அவளிடம் மட்டும் ஆசையாகத் தமிழில் பேசுவேன். "என்ன கீதா, மருந்து எடுத்தாச்சா?" என்றேன். "எடுத்தாச்சி சிஸ்டர்" என்றாள். "வெரி குட்" என்று சொல்லி டிக் போட்டேன். அடுத்த வாரம் அதே கேள்வி, அதே பதில், அதே டிக். ஏழு வாரம் இப்படிப் போனது. நம் வீடுகளில் எவராவது மருந்து எடுப்பார்களா? மாத்திரை போடுவோம், டானிக் குடிப்போம். மருந்து எடுப்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் நாங்கள் பேசிப் பழகிய தமிழ். தெலுங்கில் கேட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள். சாப்பிட்டதற்கு 'தீஸுகுன்னா', வயிற்றிலிருந்து எடுப்பித்ததற்கு 'தீயிஞ்சுகுன்னா' என்று அங்கே சொல் வேறு வேறு. ஒன்றுக்கு ஆரஞ்சு நிறமாகப் போகிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் போதும், அந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அப்படித்தான் போகும். இருபது வருஷ சர்வீஸ்காரி, கேட்கவில்லை.

எட்டாவது வாரம் போனை யாரும் எடுக்கவில்லை. ரத்தமாகக் கக்கித் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஓடினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு மிரட்சி. "ஏம்மா மாத்திரையை நிறுத்தினே? எங்கிட்டப் பொய் சொன்னியா?" என்று கேட்டுவிட்டேன், சாகக் கிடக்கிறவளிடம். மாஸ்க்கை விலக்கினாள். "பொய் சொல்லல சிஸ்டர். மருந்து எடுத்தாச்சான்னு கேட்டீங்க. சாமிகிட்டப் போய் எடுத்தாச்சின்னேன் மனசுல நெனச்சிக்கினு. நீங்களும் வெரி குட்டுன்னீங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே சரின்றாங்களேன்னு தைரியமா இருந்துட்டேன்." அவ்வளவுதான் பேச முடிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அவள் என்னிடம் சொன்னதை அந்த வார்டில் வேறு யாரும் கேட்கவில்லை. நாகராஜு குழந்தைக்குப் பால் வாங்கக் கீழே போயிருந்தார்.

அவள் போன அன்று திருப்பதியிலிருந்து வந்த பஸ்ஸில் சாமியைக் கொன்றுபோடுகிற ஆத்திரம் எனக்கு. நேரே கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்குக் காசநோய் இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். லேமினேஷன் மிஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாமியாரை வெளிய உக்கார வெச்சிட்டு அந்தப் பொண்ணைத் தனியாக் கேட்டிருக்கணும் நானு" என்றார். அதையே நாலைந்து தடவை சொன்னார். கத்திக்கொண்டு போன என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கேள்வியையும் ஏழு டிக்கையும் அவரிடம் சொன்னேன். அன்றுவரை கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, "நீங்க அந்த நாற்காலில இருக்கணும் சிஸ்டர். உங்களை அனுப்பிச்சிட்டா நாளைக்கு யாரு போன் பண்ணுவா? இனிமே நீங்க கேக்கற மாதிரி எவளும் கேக்க மாட்டா. இதை நான் பாத்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுக்க வேண்டி வந்திருக்கும்.

மறுநாளே வெதுருகுப்பம் போய், சாவு வீட்டில், முழுப் பழியும் தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். செருப்பால் அடித்தார்கள். யாரோ அதை வீடியோ எடுத்தார்கள், நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். போலி சாமி, கொலைகாரன் என்று கடை ஷட்டரில் எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கார்கள் நின்றன, பிறகு ஜெராக்ஸ் எடுக்கவும் ஆள் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வருஷம், ஒரு வாரம்கூடத் தவறாமல் போன் செய்ததற்காக என்னை மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

அதன்பிறகு அவர் யாருக்கும் பரிகாரம் சொல்லவில்லை. தப்பித்தவறி யாராவது வந்தால், "மொதல்ல ஆஸ்பத்திரி சீட்டைக் காமி, தனியா வா" என்பார். சீட்டைப் படித்துவிட்டு, "மாத்திரையை அம்மா காலடியில வெச்சி எடுத்து வாயில போட்டுக்கோ. ஒண்ணு உடாம போடு. இதான் பரிகாரம்" என்று அனுப்பிவிடுவார். சர்க்கரை அவருடைய காலைத் தின்னத் தொடங்கியபோது, இது மூன்றாம் வாசல் வழியாக வந்தது என்றார். கீதாவின் வயிற்றெரிச்சல் என்று நினைத்தார். "இது வெறும் சுகர் சாமி, உங்கப்பாவுக்கும் இருந்துது" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். சிரிப்பார். ஊசியை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். கீதா பெயரைச் சொல்லி விளக்கும் தவறாமல் ஏற்றினார். காலில் இரண்டு விரலை எடுத்த பிறகும் அந்த விளக்குக்கு முன்னால் காலை மடித்துத்தான் உட்காருவார், வலியில் முகம் வெளுத்துப்போகும்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டார். போன மழைக்காலம், காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், நீங்க அங்க போனீங்களா?" என்றார். வெதுருகுப்பத்தைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? "இல்ல சாமி" என்றேன். "ஓ" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

இவ்வளவும் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாகராஜுவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இந்த அஞ்சலியைச் சித்தூரில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் படிக்கலாம், வேலூரிலும் சென்னையிலும் படிக்கலாம், கேட்க வேண்டிய ஒரே மனிதர் படிக்க முடியாது. ஆறு வருஷம் அடைத்துக்கிடந்தது இந்தப் பக்கங்களில் மட்டும் இவ்வளவு தாராளமாக வந்ததற்கு அதுதான் காரணம் போல. என்னை நினைத்து நானே கொஞ்சம் அசிங்கப்பட்டேன்.

நேற்றுச் சரோஜாம்மாவைப் பார்க்கப் போனேன். அன்று வெதுருகுப்பத்துக்கு அவரும் கூடப் போயிருக்கிறார். சாமி அங்கே என்ன சொன்னார் என்று முதல்முறையாகக் கேட்டேன். "பெருசா ஒண்ணும் பேசல சிஸ்டர். அந்தப் பையன் நாகராஜு முன்னால நின்னு தப்பு நாதேன்னாரு. அடி உழும்போதும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார். 'தப்பு நாதே' என்றால் தவறு என்னுடையதுதான். 'நாதி கூடா' என்று சொல்லியிருக்கலாம். என்னுடையதும் என்று பொருள் வரும், இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். மாமியாரும் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். சாமி அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை.

அவருடைய மந்திரமோ எந்திரமோ என்னிடம் எதுவும் இல்லை, அவற்றில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. 'தப்பு நாதே' என்ற அந்த இரண்டு தெலுங்குச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலை பஸ்ஸில் வெதுருகுப்பம் போகிறேன். இந்த அஞ்சலியின் தொடக்கத்தில் பாதி என்னுடையது என்று எழுதியிருக்கிறேன், அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். நாகராஜுவிடம் பாதிக் கணக்குச் சொல்ல மாட்டேன்.